வரிகியா அத்தையின் நாற்பத்திரண்டாவது எலி

மண்ணுக்கு அடியில் உயிரோடு நடமாடுகிற எதுவும் என் அத்தை வரிகியாவைக் கேட்காமல் நடமாடுவதில்லை. நியாண்டருவா மலை முன்பு இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு உயரம். அத்தை கண்ணியோடு கிளம்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, அடியில் இருந்த எலிகள் எல்லாம் ஒரே நாளில் மூட்டை முடிச்சோடு காலி செய்தன. மலை பொதக்கென்று பாதி உள்ளே இறங்கிவிட்டது. நைரோபியில் இருபது மாடி கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் அவளை ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது. எரிமலைகள்கூட அவள் தூங்குகிற நேரம் பார்த்துத்தான் கொஞ்சமாகப் புகை விடுகின்றன. சந்தேகம் இருந்தால், அவள் கதவுக்கு மேலே கம்பியில் கோத்துத் தொங்கிய நாற்பத்தொரு வால்களைக் கேட்டுப் பாருங்கள். நாற்பத்திரண்டாவதைப் பற்றி மட்டும் யாரையும் கேட்காதீர்கள். அதை நானே சொல்கிறேன்.

நாங்கள் ஹூகோ என்று சொல்லும் மண்ணெலி, வீட்டுக்குள் ஓடுகிற எலி வகை இல்லை. ஒரு சாண் நீளம், மூட்டை போல உடம்பு, மிளகு அளவுக் கண், ஆரஞ்சுத் தோல் நிறத்தில் முன்பற்கள். ஒரு வளைக்கு ஓர் எலிதான். இன்னொன்று வந்தால் கடித்துக் கொன்றுவிடும். அந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் நல்ல ஒற்றுமை. மேலே நாம் உருளைச்செடி பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருப்போம். கீழே அது கிழங்கு கிழங்காக உருட்டிக்கொண்டு போய்த் தன் அறையில் அடுக்கிக்கொண்டிருக்கும். அறுவடை நாளில் செடியைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும்.

அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது ஒரு முட்டைக்கோசு லாரியின் உச்சியில் உட்கார்ந்து. நாரோக் பக்கம் பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தினாள். பிள்ளை இல்லை. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து, "இவளுக்குக் கட்டில் வேணும்" என்று மட்டும் சொன்னானாம். அத்தை கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, முழங்கால் வரை தொங்கும் ஒரு பச்சைக் கோட்டு. கோட்டு அவனுடையது.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னெண்டு வருஷத்துல அந்த வீட்டுல சூடா இருந்தது இது ஒண்ணுதான்" என்றாள் அத்தை.

என் அப்பா முச்செமி, அவளுடைய ஒரே அண்ணன், வெளியே வந்து லாரிக்காரனுக்கு நன்றி சொன்னார். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. சோளம் கொட்டி வைக்கும் பலகை அறையை அம்மா பெருக்கிக் கொடுத்தாள். அப்பாவுக்கு இருப்பது இரண்டரை ஏக்கர். திரும்பி வந்த பெண்ணுக்குப் பங்கு என்று ஒன்று கிடையாது. ஆனால் பட்டினி போட்டால் ஊர் பேசும். பங்காளிகள் நாலு பேரை வரவழைத்து, டீ கொடுத்து, அவர்கள் முன்னால் அப்பா சொன்னார்:

"கீழ்க்கோடித் துண்டு சும்மாதான் கெடக்கு. எலிய ஒழிச்சிட்டு நீயே விதைச்சுக்க, வரிகியா."

பங்காளிகள் நாலு பேரும் டீக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கீழ்க்கோடித் துண்டு என்பது கால் ஏக்கர். அதற்கு அப்பால் சொந்தக்காரன் யாரென்றே தெரியாத தரிசு. அந்தத் தரிசு எலிகளின் தலைநகரம். அப்பாவே அதில் மூன்று முறை கிழங்கு ஊன்றி மூன்று முறையும் தண்டு மட்டும் பிடுங்கியவர்.

அத்தை சிரிக்கவில்லை. "சரிண்ணே" என்றாள். கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அன்றைக்கே போய்ப் பார்த்தாள்.

முதலில் அவள் போனது கிபேயிடம். கிபே எங்கள் பக்கத்து வயல்காரர்; சந்தையில் பூச்சி மருந்து, எலி மாத்திரை, இரும்புப் பொறி எல்லாம் விற்கிறவர். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கையும் விரிந்து நிற்கும் இரும்புப் பொறி நாலை, அறுவடையில் கிழங்காகத் தருகிறேன் என்று வாங்கி வந்தாள். ஒரு வாரம் காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள். பொறி நாலும் வாய் மூடிக் கிடக்கும், நடுவில் உருண்டையாக மண். எங்கள் மண் கறுப்பு, களி. எலி தன் வளையில் வெளிக்காற்று வருவது தெரிந்தால் ஓட்டையை அடைக்க மண்ணைத் தள்ளிக்கொண்டே வரும். மண் போய்ப் பொறியில் இடிக்கும், பொறி மண்ணைக் கடிக்கும், எலி பின்னாலிருந்து வேடிக்கை பார்க்கும்.

பொறியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கிபே அதைத் திருப்பி வாங்காமல் எலி மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"ஓட்டையில போட்டு மூடிரு. உள்ளேயே புகைஞ்சு செத்துரும்."

எங்கள் மண்ணில் வெயில் காலத்தில் கை நுழைகிற வெடிப்பு. புகை வெடிப்பு வழியாக வெளியே வந்தது. செத்தது எங்கள் கோழிகள் மூன்று. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. கோழியைச் சாப்பிடவும் முடியவில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

அதற்குப் பிறகு அத்தை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. துண்டின் நடுவில் கோட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எந்தக் குவியல் எப்போது முளைக்கிறது, ஓட்டை போட்டால் எவ்வளவு நேரத்தில் அடைபடுகிறது, எந்தத் திசையிலிருந்து மண் வருகிறது. பச்சைப் பட்டாணியைத் தோலோடு மென்றுகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரில் பைத்தியம் என்றார்கள். நானும்தான் சொன்னேன், சொல்ல வேடிக்கையாக இருந்ததால்.

ஒரு மாதத்தில் அவளே ஒன்றைச் செய்துகொண்டாள். சமையல் கொழுப்பு டின்னின் இரண்டு பக்கமும் வெட்டிக் குழாயாக்கி, உள்ளே ஈரக் களிமண் பூசி, அந்தக் களிமண்ணுக்குள் கம்பி வளையத்தைப் புதைத்துவிடுவாள். கம்பி சைக்கிள் பிரேக் கயிற்றைப் பிரித்து எடுத்தது. மேலே ஒரு பச்சைக் குச்சியை ஊன்றி வில்லாக வளைத்து, கம்பியின் மறுமுனையை அதில் கட்டி, குச்சியை ஒரு நூலால் பிடித்து நிறுத்துவாள். நூல் டின்னின் நடுவே குறுக்கே ஓடும். எலி வரும், வழியில் நூல் கிடப்பது பிடிக்காது, பல்லால் நறுக்கும். குச்சி நிமிரும். வளையம் இறுகும். அவ்வளவுதான்.

சொல்வதற்கு அவ்வளவுதான். வைப்பதில்தான் எல்லாமே. மேலாக வளைந்து வளைந்து ஓடுவது தீனி தேடுகிற வளை. அதில் வைத்தால் எலி ஒரு முறை வரும், மறுபடி வராது. சுவர் வழவழவென்று தேய்ந்து, கையை விட்டால் பாத்திரத்துக்குள் விட்ட மாதிரி இருப்பதுதான் வீட்டுக்குப் போகும் பெரிய வழி. அதில்தான் டின். டின்னைச் சுற்றி ஊசி முனை வெளிச்சம் விழக்கூடாது. நேற்று வளைத்த குச்சி இன்றைக்கு சோம்பேறி; தினமும் காலையில் புதுக் குச்சி. எல்லாவற்றையும்விட, கையில் சோப்பு வாசனை இருக்கவே கூடாது.

அதனால் அத்தை சோப்புப் போடுவதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து நகர்ந்து கடைசியில் இருந்தவள் பாதி காற்றில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தப் பெஞ்சே அத்தைக்கு என்று ஆகிவிட்டது. "பரவால்ல, காலை நீட்டிக்கலாம்" என்றாள். ஆனால் பாடும்போது முன்னைப் போலக் குரல் எடுக்க மாட்டாள். நான் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். உதடு மட்டும் அசையும்.

ஆண்களுக்கு வேறு எரிச்சல். கண்ணி வைப்பது அவர்கள் வேலையாம். ஊர்ப் பாலை எல்லாம் அளந்து வாங்கும் இடத்தில், தன் பாலை ஊற்ற வந்த கிபே எல்லார் முன்னாலும் கேட்டார்:

"ஏம்மா வரிகியா, புருஷனப் புடிச்சு வைக்கத் தெரியல, எலியப் புடிச்சு என்ன பண்ணப் போற?"

"புடிச்சதுக்கப்புறம் எலி பொய் சொல்லாதுண்ணே" என்றாள். பால்காரர்கள் எல்லாரும் சிரித்ததில் கிபேயின் அளவு டப்பா கையிலிருந்து விழுந்தது.

நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். தலைமை ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் உயிரோடு ஒரு மண்ணெலியை வைத்ததற்காக இரண்டு வாரம் வீட்டுக்குப் போ என்றார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது, திரும்பி அனுப்புவதைப் பற்றி அப்பா பேச்சே எடுக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. காலையில் பால் கேனைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையானது. கேனில் தினமும் ஒரு குவளை குறைந்தது. பூனை மேல் பழி போட்டேன். அத்தையின் கதவடியில் தினமும் ஒரு குவளை பால் எப்படி வருகிறது என்று அத்தையும் கேட்டதில்லை.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நாற்பத்தொன்றாவது வால் கம்பியில் ஏறியது. அதற்குப் பின் நாலு நாள் துண்டில் ஒரு குவியல் இல்லை. தரிசின் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, உள்ளே கல்லை நெருக்கி அடுக்கியிருந்தாள், புதிதாக எதுவும் உள்ளே வராமல். அவள் அறையில் இரண்டு மூட்டை விதைக்கிழங்கு. வயல் வயலாகக் கூலிக்குக் களை எடுத்து, கூலிக்குப் பதிலாக வாங்கிச் சேர்த்தது. சின்னச் சின்ன ஊதா முளை விட்டிருந்தது. ஒவ்வொன்றையும் குழந்தையைத் திருப்பிப் போடுகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் வெளியே பால் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா பேசுவது கேட்டது.

"மண்ணு எப்படி இருக்கு தெரியுமா? கையால அள்ளலாம் போல இருக்கு. அடுத்த வாரம் டிராக்டர் வருது. நம்ம விதையவே கீழ்க்கோடில போட்டுரலாம்."

"வரிகியா?" என்றாள் அம்மா.

"அவளுக்கு ஓடைக்கரை ஓரம் குடுப்போம்."

"அங்கயும் எலிதானே இருக்கு, நியாகியோ அப்பா?" என்றாள் அம்மா, என் பெயரைச் சேர்த்து அவரைக் கூப்பிட்டு.

"அவளுக்குத்தான் எலி புடிக்க நல்லா வருதே."

அம்மா பானையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது, கொஞ்சம் வேகமாக.

அத்தையிடம் போய் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நேராக அப்பாவிடம் போவாள், யார் சொன்னது என்று அப்பா கேட்பார், பெல்ட் என் முதுகைத் தேடும். குறும்பு செய்வதற்குத் தைரியமே வேண்டாம். ஒரு விஷயத்தை நேராகச் சொல்வதற்குத்தான் வேண்டும். எனக்கு இருந்தது கை மட்டும்.

மறுநாள் விடியும்போது கேனைக் கீழே வைத்துவிட்டு, துண்டில் மூன்று குவியல் போட்டேன். எலி இருக்கிற நிலம் அப்பாவுக்கு எதற்கு? அவ்வளவுதான் என் திட்டம்.

மேல்மண்ணைக் கூட்டிப் போட்டால் கோழி கிளறியது போல இருக்கும் என்று தெரியும். எலி தள்ளுவது அடிமண். ஈரமாக, கறுப்பாக, மொச்சைக்கொட்டை அளவு கட்டி கட்டியாக இருக்கும். அதனால் பழைய வளைக்குள் தோள்வரை கையை விட்டு அடிமண்ணைப் பிறாண்டி எடுத்துக் குவித்தேன். நானே திரும்பி நின்று பார்த்து ஏமாந்துபோனேன், அவ்வளவு நன்றாக வந்தது.

அத்தை அன்று காலை மண்வெட்டியோடு ஊன்ற வந்தாள். குவியலைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு டின்னை எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் அப்பா வரப்பில் நின்று பார்த்தார். "என்ன வரிகியா, ஒண்ணு மிச்சம் இருக்கு போலயே?"

"ஒண்ணுதாண்ணே. ரெண்டு நாள்."

"பாரு பாரு" என்று போய்விட்டார். அடுத்த வாரம் வந்த டிராக்டர் மேல் வயலை மட்டும் உழுதுவிட்டுத் திரும்பிப் போனது. சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கிதேரி, அன்றிரவு எனக்கு எப்போதும் இல்லாத ருசி.

இரண்டு நாள் பத்து நாளானது. அத்தை வளையைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள்; எலி இருந்தால் அடைத்தாக வேண்டும். நான் விடிகாலையில் போய் அடைத்துவிடுவேன், ஈர மண்ணை உள்ளிருந்து தள்ளிய மாதிரி. டின் வைத்தால் டின்னைத் தொடாமல் பக்கத்தில் புதுக் குவியல் போடுவேன். டின்னை இடம் மாற்றுவாள். நானும் மாற்றுவேன். நூலை மாற்றிப் பார்த்தாள், குச்சியை மாற்றிப் பார்த்தாள். தன் கையை முகர்ந்து பார்த்தாள். சாம்பலைத் தேய்த்து, மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

"இது படிச்ச எலி" என்றாள் என்னிடம் ஒரு நாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல. என்ன நெனைக்கிறேன்னு அதுக்குத் தெரியுதுடி."

"வயசான எலியா இருக்கும் அத்தை" என்றேன்.

"பொம்பளை எலியா இருக்கும்" என்றாள்.

பால் வாங்கும் இடத்தில் கிபே பாட்டே கட்டிவிட்டார். வரிகியாவின் எலி இப்போது அத்தைக்குக் கண்ணி வைக்கிறதாம், வால் இருந்தால் அவளையும் கோத்துவிடுமாம். அத்தை பதில் சொல்லாமல் போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

நான் நிறுத்தவில்லை. அப்பா தினமும் வரப்பில் வந்து நிற்கிறாரே. விதைக்கிழங்கை அவள் எதற்கு இன்னும் உள்ளேயே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஒரு எலிதானே, ஊன்றிவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். ஓர் எலி ஒரு பருவத்தில் எத்தனை கிழங்கு உருட்டும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். கூலிக்கிழங்கு அது. ஒன்றைக்கூட அவளால் எலிக்குக் கொடுக்க முடியாது.

மார்ச் இருபதாம் தேதி வாக்கில் மழை பிடித்தது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஊன்றி முடித்துவிட்டார்கள். கீழ்க்கோடித் துண்டு மட்டும் கறுப்பாகக் கிடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"கீழ்க்கோடிக்குத் தைல மரக் கன்னு சொல்லியாச்சாம். வியாழக்கெழம வருது."

"கீழ்க்கோடிக்கா? அது அத்தையோட துண்டு."

"எலி ஒழியலையே. உங்கப்பா என்ன பண்ணுவாரு? மரத்த எலி திங்காது." அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவ மட்டும் விதைய ஊனியிருந்தா யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் நடந்து பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும்: விதை மண்ணுக்குள் போய்விட்டால் அறுவடைவரை அந்த மண் விதைத்தவருடையது. அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டு சாகிற நிலத்தில்கூட ஊன்றிய கிழங்கை எவனும் தோண்ட மாட்டான். ஒரு அறுவடை எடுத்துவிட்டால், அடுத்த பருவத்துக்கும் அவளைக் கேட்காமல் யாரும் அதில் இறங்க முடியாது. டீ குடித்துச் சிரித்த பங்காளிகளே அவளுக்காக வாய் திறந்தாக வேண்டும். எலிகளைப் பற்றி யோசித்த நான் இதை யோசிக்கவே இல்லை. அப்பா கையிலிருந்து துண்டைக் காப்பாற்றுகிறேன் என்று, அவள் விதையை மண்ணுக்கு வெளியே ஒரு மாதம் பிடித்து வைத்திருந்தது நான்தான்.

செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் கையில் இருந்தது. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கிபேயின் வயலுக்குப் போய், அவருடைய இரும்புப் பொறியில் மாட்டிச் செத்திருந்த ஓர் எலியைத் திருடினேன். அதை அத்தையின் கண்ணியில் மாட்டிவிட்டால் போதும். நாற்பத்திரண்டாவது பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷமாகப் போய் விதையை எடுத்து வருவாள்; மத்தியானத்துக்குள் ஊன்றிவிடலாம், நானும் கூட நின்று ஊன்றுவேன், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். இவ்வளவு அழகான திட்டம் எனக்கு வாழ்க்கையில் தோன்றியதில்லை.

மழை விட்டிருந்தது. சேற்றில் குப்புறப் படுத்து, வளைக்குள் கையை விட்டு டின்னைத் தேடினேன். களிமண்ணுக்குள் வளையம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினேன். நூல் குறுக்கே ஓடுவது எனக்குத் தெரியும். ஈரத்தில் விரல் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். தலைக்கு மேல் குச்சி விர்ரென்று நிமிர்ந்தது. கம்பி மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. அவள் செய்தது அப்படி.

குச்சி நிமிர்ந்து நிற்பது தூரத்திலேயே தெரியும். அத்தை வீட்டுப் பக்கமிருந்து அதைப் பார்த்துவிட்டாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பச்சைக் கோட்டு இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள, ஒரு காலில் செருப்பு கழன்று விழ, சேற்றில் ஓடி வந்தாள்.

"மாட்டுனியா! மாட்டிக்கிட்டியா நாயே! ஒரு மாசம்! ஒரு மாசம் ஆட்டி வச்சியே என்னய!" என்று கத்திக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள். பல் எல்லாம் தெரிந்தது.

கிட்டே வந்ததும் நின்றாள்.

"கைய ஆட்டாத. ஆட்டுனா இன்னும் இறுகும்" என்றாள். ஆனால் குனிந்து அவிழ்க்கவில்லை. என் இன்னொரு கையில் இருந்த எலியை வாங்கி, திருப்பிப் பார்த்து, வயிற்றை அமுக்கினாள்.

"இது இரும்பு கடிச்ச எலி. விலா உடைஞ்சிருக்கு. கம்பின்னா கழுத்துல கோடு இருக்கும்." எலியைக் குவியல் மேல் வைத்தாள். "எத்தன நாளா?"

எப்போதும் ஒரு பொய் தயாராக இருக்கும் என்னிடம். தேடிப் பார்த்தேன். இல்லை.

"எத்தன நாளாடி?"

"மொத நாள்லேர்ந்து."

"ஓட்டைய அடைச்சது?"

"நான்தான் அத்தை."

"எல்லாமா?"

"எல்லாம்."

கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு மேட்டில் தெரிந்த எங்கள் வீட்டைப் பார்த்தாள். "உங்கப்பன் அனுப்பினானா?"

"ஐயோ இல்ல அத்தை! அவரு எடுத்துக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னாரு. எலி இருந்தா எடுக்க மாட்டாருன்னு... உனக்காகத்தான்..."

"அவன் எடுப்பான்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் ஏறவே இல்லை. "வாசல்ல நின்னு லாரிக்காரனுக்கு நன்றி சொன்னானே, அன்னிக்கே தெரியும். அவன் டிராக்டருக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஊனிரணும்னுதான் சோறு தண்ணி இல்லாம எலி புடிச்சேன். முடிச்சேன். ஊனலாம்னு மண்வெட்டியத் தூக்கிட்டு வந்தேன். மூணு குவியல் இருந்துச்சு."

"இன்னிக்கே ஊனிரலாம் அத்தை. கன்னு வியாழக்கெழமதான் வருது. நான் குழி போடுறேன், நீ விதைய மட்டும் எடுத்துட்டு வா..."

"விதை கிபேகிட்ட."

எனக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழமயே உங்கப்பன் வந்து தைல மரம் வைக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். முளை ஒரு விரல் நீளம் வந்துருச்சு. மண்ணு இல்லாதவ அத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா, பின்னலா போடுவா? கிபேக்கு விதை பத்தல. பொறி வாங்குனதுக்குக் குடுத்துட்டேன். நேத்து மத்தியானம் ஊனி மண்ணும் தள்ளிட்டான்."

கிபேயின் வயல் அங்கிருந்தே தெரிந்தது. புதுப் பாத்தி, நேர் நேராக.

அத்தை குனிந்து, இரண்டு விரலால் கம்பியைத் தளர்த்தி என் கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. கம்பியைச் சேறு போகத் துடைத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். டின்னைத் தோண்டி எடுத்தாள். என் விரல்களை ஒரு முறை பிடித்து, நகத்துக்குள் அடைந்திருந்த கறுப்பு மண்ணைப் பார்த்தாள்.

"தைல மரத்துக்குக் குழி போட ஆள் வேணும்னு உங்கப்பன் தேடிட்டிருக்கான்" என்றாள். "போய்ச் சொல்லு, நீ இருக்கேன்னு. மண்ணு தோண்ட உனக்கு நல்லா வருது."